பழைய ஸ்டீரியோவில் ரெக்கார்டு: என் அனுபவம்

அம்பாசமுத்திரம் வீட்டிலிருக்கும் அப்பா காலத்து ஆம்ப்ளிஃபயரில் புது டர்ன்டேபிளை மாட்டினால், வால்யூமை முழுக்கத் திருகினாலும் முனகல்தான். பின்பக்கம் ‘ஃபோனோ’ என்றே எழுதியிருக்கிறது. ஆனால் அது வலுவான சிக்னல் தரும் செராமிக் கார்ட்ரிட்ஜுக்கானது (கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி). என் டர்ன்டேபிளில் உள்ள எம்.எம். (நகரும் காந்த வகை) கார்ட்ரிட்ஜ் தருவதோ சுமார் 5 மில்லிவோல்ட்தான். வயர் மாற்றிப் பார்த்தாயிற்று, பயனில்லை. மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் சின்ன சிக்னலைப் பெருக்கும் கருவி) போட்டதில் சத்தம் ஏறியது, பாஸ் வரவில்லை. தவில் தகர டப்பா மாதிரி கேட்டது. ரெக்கார்டில் குறைத்துப் பதிந்த பாஸை மீட்டுத் தரும் ஆர்.ஐ.ஏ.ஏ. சமன் அதில் கிடையாதே.

அந்தச் சமனும், எம்.எம்.முக்கு ஏற்ற 47 கிலோ ஓம் இன்புட்டும் உள்ள, உள்ளங்கை அளவு ஃபோனோ ப்ரீஆம்பை பாளையங்கோட்டையில் வாங்கி, ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் (சாதாரண) இன்புட்டில் கொடுத்தேன். பாட்டு சரி, கூடவே ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மைத் தொட்டால் மட்டும் குறைந்தது. அதுதான் துப்பு: எர்த் சரியில்லை. டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் வயரை ஆம்ப்ளிஃபயர் சேஸிஸிலிருந்து (உலோகக் கூட்டிலிருந்து) கழற்றி, ப்ரீஆம்பின் திருகில் முடுக்கினேன். நின்றது. அப்பாடா!

ப்ரீஆம்பை மட்டும் ஆம்ப்ளிஃபயரின் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் வைத்துவிடாதீர்கள், மறுபடி இரையும்.