தொண்டு நிறுவனங்களுக்குத் தூய மின்சாரம் கொண்டுவந்தவருக்கு விருது: தகுதியானவரைக் கண்டுபிடிப்பது எப்படி

தொண்டு நிறுவனங்களின் மின்செலவைக் குறைத்து, தூய எரிசக்திக்கு மாற்றியவர்களைக் கௌரவிக்க ஒரு விருது தொடங்க நினைத்தால், கேடயமும் மேடையும் அழைப்பிதழும் கடைசி இரண்டு வாரத்து வேலை. அதற்கு முந்தைய ஐந்து மாதமும் கணக்குப் பார்க்கும் வேலை. அதைச் செய்யாவிட்டால், கூரைமேல் சோலார் பேனலை யார் அழகாகப் படம் எடுத்து அனுப்பினாரோ அவருக்கே விருது போய்ச் சேரும்.

யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பணம் கொடுத்தவர், திட்டத்தை நடத்தி முடித்தவர், தினமும் அதை ஓட வைப்பவர் ஆகிய மூவரையும் ஒரே பிரிவில் போட்டியிட வைக்காதீர்கள். பெரும்பாலும் பணம் கொடுத்தவரே ஜெயிப்பார். அபுதாபியில் 2008-இல் நிறுவப்பட்ட ஜாயேத் நிலைத்தன்மைப் பரிசு சுகாதாரம், உணவு, எரிசக்தி, நீர் போன்று துறைவாரியாகப் பிரிந்திருக்கிறது. பள்ளிகளுக்குத் தனிப் பிரிவும் உண்டு. உங்கள் விருது சிறியது என்றால் இரண்டு பிரிவு போதும்: நிதி வழியைத் திறந்தவர், கட்டடத்தில் வேலையை நடத்திக் காட்டியவர்.

நிதி வழிக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பல நாடுகளில் சோலாருக்கான சலுகை வருமான வரிக் கழிவாகக் கிடைக்கிறது. தொண்டு நிறுவனம் வருமான வரியே கட்டாதபோது எதில் கழிப்பது? அமெரிக்காவில் 2022-இல் வந்த சட்டம்தான் இத்தகைய நிறுவனங்களும் அந்தத் தொகையை நேரடியாகப் பெற வழி செய்தது. இப்படி வழி இல்லாத இடங்களில் பேனலை வேறொருவர் சொந்தமாக வைத்துக்கொண்டு மின்சாரத்தை மட்டும் விற்கும் ஒப்பந்தம், பல நிறுவனங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்குவது, பழைய கடனை மாற்றி அமைப்பது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருப்பார். அவர் கூரை ஏறியிருக்கமாட்டார். ஆனால் அவர் இல்லாமல் கூரையில் ஒன்றும் ஏறியிருக்காது.

பரிந்துரைப் படிவம்: இரண்டு பக்கம், ஆறு வாரம்

கட்டுரை கேட்காதீர்கள். கேட்க வேண்டியவை: வேலைக்கு முந்தைய 12 மாத மின்கட்டண ரசீதுகள், பிந்தைய 12 மாத ரசீதுகள், டீசல் ஜெனரேட்டர் இருந்தால் எரிபொருள் வாங்கிய பதிவேடு, திட்டச் செலவு, அதில் மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு. ஓராண்டு ஓடாத திட்டத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். கோடையையும் குளிரையும் மழையையும் தாண்டாத சேமிப்புக் கணக்கு எந்தப் பக்கமும் சாயும்.

ரசீதில் பணத்தைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள். கட்டண விகிதம் மாறினால் பணக் கணக்கு பொய் சொல்லும். விடுதியில் தங்குவோர் எண்ணிக்கை பாதியானாலும் யூனிட் குறையும். அதனால் நோயாளிகள், மாணவர்கள், பரிமாறிய சாப்பாடுகள் என்று அந்த நிறுவனத்துக்குப் பொருந்தும் ஓர் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச மின்பளுவுக்கு, அதாவது கிலோவோல்ட் ஆம்பியர் கணக்குக்கு, தனிக் கட்டணம் இருந்தால் அதையும் தனியே எழுதச் சொல்லுங்கள். சோலார் போட்டும் ரசீது எதிர்பார்த்த அளவு இறங்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மிகைப்படுத்தலைக் கண்டுபிடிக்கும் கணக்குகள்

நிழல் விழாத கூரையில் 1 கிலோவாட் சோலார் ஓராண்டில் ஏறத்தாழ 900 முதல் 1,600 யூனிட் தரும். மேகம் அதிகமான, நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய ஊர்களுக்குக் கீழ் எண், வெயில் நாடுகளுக்கு மேல் எண். 10 கிலோவாட்டில் ஆண்டுக்கு 20,000 யூனிட் கிடைத்தது என்று எழுதியிருந்தால் மீட்டர் படத்தைக் கேளுங்கள். பாலைவனம் தவிர வேறெங்கும் அது நடப்பது அரிது.

டீசலுக்கும் இதே சோதனை உண்டு. நன்றாகச் சுமையேற்றிய ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு 3 முதல் 3.5 யூனிட் தரும், கிட்டத்தட்ட 2.7 கிலோ கரியமில வாயுவை வெளியிடும். குறைந்த சுமையில் ஓடினால் லிட்டருக்கு 2 யூனிட் அளவுக்கே இறங்கிவிடும். பதிவேட்டில் டீசல் குறையவில்லை, விண்ணப்பத்தில் மட்டும் குறைந்திருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கரியமிலக் கணக்குக்கான பெருக்கு எண்ணை (ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்பதை) விண்ணப்பதாரர் விருப்பத்துக்கு விடாதீர்கள். அந்த நாட்டு மின்தொகுப்புக்கு வெளியிடப்பட்ட எண்ணை நீங்களே கொடுத்து எல்லோருக்கும் ஒன்றாக வையுங்கள். இன்னொன்றும் கேட்டாக வேண்டும்: தூய மின்சாரம் உற்பத்தியானதற்குச் சான்றாகக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்றிதழ்களை யாருக்காவது விற்றுவிட்டார்களா? விற்றிருந்தால் அந்தப் பெருமை வாங்கியவருடையது. இருவரும் சொல்லிக்கொண்டால் ஒரே யூனிட்டை இருமுறை எண்ணியதாகும்.

படத்தில் விழாத சேமிப்பைத் தேடிப்பிடியுங்கள். 40 பழைய மின்விசிறிகளைக் கழற்றிவிட்டு குறைந்த மின்சாரத்தில் சுற்றும் பிஎல்டிசி மோட்டார் விசிறி மாட்டுகிறார் ஒருவர். 75 வாட் 30 ஆகிறது. தினம் 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 5,400 யூனிட் மிச்சம். வெயில் நாட்டில் 4 கிலோவாட் பேனல் தருவதும் ஏறத்தாழ இவ்வளவுதான். முதலில் தேவையைக் குறைத்துவிட்டு, பிறகு சிறிய பேனலாகப் போட்டவரே எங்கள் கணக்கில் முன்வரிசை.

மலிவு என்றால் யாருக்கு மலிவு?

மொத்தச் செலவையும் (மானியம் உட்பட), ஆயுள்கால பராமரிப்பையும், பேட்டரி மாற்றும் செலவையும் கூட்டி, ஆயுள்கால யூனிட்டால் வகுங்கள். பேனலுக்கு 25 ஆண்டு எடுக்கலாம். பேனல் தரும் மின்சாரத்தைக் கட்டடத்தில் பயன்படுத்தும்படி மாற்றும் இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையாவது மாற்ற நேரும். ஈய அமிலப் பேட்டரி 3 முதல் 5 ஆண்டு. இவற்றுக்காகப் பணம் ஒதுக்கிவைக்காத திட்டம் நாலாம் ஆண்டில் நிற்கும். படிவத்தில் “பேட்டரிக்கு ஒதுக்கிய தொகை எந்தக் கணக்கில் இருக்கிறது?” என்ற கேள்வி கட்டாயம் இருக்கட்டும்.

மின்சாரம் மட்டும் வாங்கும் ஒப்பந்தமாக இருந்தால் விலையின் ஆண்டு ஏற்றத்தைப் படியுங்கள். முதல் ஆண்டு 15% மலிவு, ஆண்டுக்கு 3% ஏற்றம் என்று இருக்கும். மின்வாரிய விலை அப்படியே நின்றால் ஏழாம் ஆண்டில் ஒப்பந்த விலை அதைத் தாண்டிவிடும். 20 ஆண்டு ஒப்பந்தத்தில் மீதிப் பதினான்கு ஆண்டும் நட்டம். இந்த ஏற்றத்தைப் பேசி 1 சதவீதமாகக் குறைத்தவருக்கு மதிப்பெண் கூட்டிப் போடலாம்.

நேரில் போனால் எதைப் பார்ப்பது

இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்தாறு இடங்களுக்கு மட்டும் போனால் போதும். முதலில் இன்வெர்ட்டர். திரையில் மொத்த உற்பத்தியைக் காட்டும் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரே படத்தில் எடுங்கள். இன்வெர்ட்டர் மாற்றப்பட்டிருந்தால் அந்த எண் சைபரிலிருந்து தொடங்கியிருக்கும், அதனால் மாற்றிய தேதியையும் கேளுங்கள். பிறகு கூரை: காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது? பறவை எச்சம் காய்ந்து கிடக்கிறதா? பேனலைக் கழுவும் குழாய் மேலே வரை வருகிறதா, இல்லை வாளியில் தூக்க வேண்டுமா? வாளி என்றால் கழுவுவது மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

பேட்டரி அறையில் ஈய அமில செல்களின் நீர்மட்டம், முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் படிவு, காற்றோட்டம். சுகாதார நிலையம் என்றால் தடுப்பூசிப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவு: 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் தொடர்ந்து நின்றிருக்க வேண்டும்.

கடைசியில், அலுவலகத்தில் இல்லாத ஒருவரிடம், உதாரணமாக இரவுக் காவலர் அல்லது சமையலறைப் பணியாளரிடம், கேளுங்கள்: பழுதானால் யாரைக் கூப்பிடுகிறீர்கள்? சட்டென்று ஒரு பெயர் வந்தால், விருதுக்குரியவர் அந்தப் பெயருக்கு உரியவராகவும் இருக்கலாம்.

நடுவர் குழு

ஐந்து பேர் போதும்: மின்பொறியாளர், கணக்காளர், தொண்டு நிறுவனம் நடத்தும் இருவர், சேவையைப் பெறுபவர்களின் சார்பில் ஒருவர். மதிப்பெண் பங்கீட்டை விண்ணப்பம் திறக்கும் முன்பே வெளியிடுங்கள்: அளந்த பலனுக்கு 40, மலிவுக்கு 25, பராமரிப்புக்கு 20, பிறர் பின்பற்றும்படி ஆவணங்களைத் திறந்து வைத்ததற்கு 15. நிதியுதவி செய்யும் சோலார் விற்பனையாளருக்கு நடுவர் இடம் தராதீர்கள். அவருடைய வாடிக்கையாளர் இறுதிச் சுற்றுக்கு வந்தால் அந்தத் தொடர்பை முடிவோடு சேர்த்து அறிவியுங்கள்.

விருதில் என்ன எழுதுவது, என்ன கொடுப்பது

தகுதியுரையில் பெயர், செய்த வேலை, அளந்த எண், காலம், உடன் உழைத்தவர்கள். “தொலைநோக்குச் சிந்தனையாளர்” போன்ற சொற்கள் யாருக்கும் பொருந்தும், ஆகவே யாரையும் சொல்வதில்லை. எழுதிய உரையை அச்சுக்குப் போகும் முன் விருதாளரிடம் காட்டி எண்களை உறுதிசெய்யுங்கள். தலைவர் பெயரை மட்டும் போட்டு மேற்பார்வையாளரை விடுவதைத் தவிர்க்கலாம்.

பரிசுத்தொகையை நிறுவனத்தின் பராமரிப்புக் கணக்கில் சேர்ப்பது, அல்லது விருதாளர் சுட்டும் இன்னொரு நிறுவனத்துக்கு எரிசக்தித் தணிக்கை செய்துதருவது, இரண்டும் கேடயத்தைவிட நீண்ட நாள் வேலை செய்யும். ஓராண்டு கழித்து மீட்டர் எண்ணை மறுபடியும் அனுப்ப வேண்டும் என்பதையும், கொடுத்த தகவல் பொய் என்று தெரிந்தால் விருதைத் திரும்பப் பெறலாம் என்பதையும் விண்ணப்பப் படிவத்திலேயே கையெழுத்துக்கு மேலே அச்சிடுங்கள். விழா முடிந்த பின் இவற்றைக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.