கடையில் வழுக்கிக்கொண்டு சுழலும் ரீல்: எடைபோடுவதில் நாம் செய்யும் தவறுகள்

தூண்டில் நரம்பைச் (மீன்பிடி இழையை) சுருட்டும் கருவியான ஸ்பின்னிங் ரீலைக் கடைக்காரர் கையில் கொடுத்ததும் பெரும்பாலும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கைப்பிடியை ஒரு சுண்டு சுண்டிவிட்டு, எத்தனை சுற்று தானாகச் சுழல்கிறது என்று பார்ப்பார்கள். என் முதல் ரீலை நானும் அப்படித்தான் வாங்கினேன். முட்டுக்காடு முகத்துவாரத்தில் ஒரு கொடுவா இழுத்தபோது ரீலின் உடலே வளைந்தது. உள்ளே பற்சக்கரங்கள் இடம் பிசகி அரைபடும் சத்தம் கேட்டது. மீன் போய்விட்டது.

ரப்பர் வளையங்களால் நீர் புகாமல் அடைத்து, கெட்டியான கிரீஸ் பூசிய ரீல் கையில் சற்று இறுக்கமாகத்தான் இருக்கும். உப்புத் தண்ணீருக்கு அதுதான் தாங்கும். மெல்லிய எண்ணெய் விட்ட மலிவு ரீல் பம்பரம்போல் சுற்றும். அதனால் வெறுங்கையில் சுற்றிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சுமை கொடுத்துப் பாருங்கள். ரீலைத் தூண்டில் கம்பில் மாட்டி, நரம்பின் நுனியை ஒருவர் பிடித்து இழுக்கும்போது சுற்றுங்கள். கைப்பிடியோடு சுழன்று நரம்பைச் சுற்றும் ரோட்டர் ஒரு பக்கம் சாய்கிறதா, கைப்பிடியில் மணல் அரைபடுவதுபோல் நறநறப்பு தெரிகிறதா என்று கவனியுங்கள். பெயில் என்ற வளைந்த கம்பியின் ஓரத்தில் நரம்பு ஏறிச்செல்லும் சின்ன உருளையையும் பாருங்கள். அது சுழலாமல் நின்றுவிட்டால் நரம்பு முறுக்கிக்கொள்ளும், தேயும்.

பெட்டியில் ‘12+1 பேரிங்’ என்று பார்த்ததும் மனம் இளகிவிடுகிறது. அந்த ‘+1’ பெரும்பாலும் கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உருளை பேரிங். மற்றவற்றில் முதன்மைப் பற்சக்கரத்தின் இருபுறமும், அதோடு இணையும் சிறு பற்சக்கரமான பினியனிலும், நரம்பு உருளையிலும் நல்ல தரமான பேரிங் இருந்தால் எனக்குப் போதும். கைப்பிடிக் குமிழில் இரண்டைச் சேர்த்துக் கணக்கை ஏற்றுவதால் மீன் பிடிப்பவருக்குப் பெரிய லாபமில்லை.

மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் பிரேக்கான டிராக் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ‘10 கிலோ டிராக்’ என்பது முழுக்க இறுக்கினால் வரும் உச்ச எண். 9 கிலோ தாங்கும் நரம்பில் நாம் வைக்க வேண்டியது அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது இரண்டே கால் கிலோவிலிருந்து மூன்று கிலோ. அந்த அளவில் டிராக் எப்படி நடந்துகொள்கிறது என்பதே கேள்வி. பெட்டி தூக்கிப் பார்க்கும் தொங்கு தராசை நரம்பில் கட்டி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் அசையத் தொடங்கும் கணத்தில் முள் மூன்றரைக்குத் தாவி, பிறகு இரண்டரைக்கு விழுந்தால் அந்த டிராக் ஒட்டிப்பிடிக்கிறது என்று பொருள். கம்பின் நுனியும் தலையாட்டிக் காட்டிக்கொடுக்கும். பாறை மீன் முதல் பாய்ச்சலில் நரம்பை அறுப்பது அந்தத் தாவலில்தான்.

கியர் விகிதத்தை, அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரோட்டர் எத்தனை சுற்று சுழலும் என்பதை மட்டும் பார்த்து வேகத்தைக் கணக்கிடுவதும் தவறு. 6.2:1 விகிதமுள்ள சிறிய ரீலின் ஸ்பூலில் நரம்புச் சுற்று 4.5 செ.மீ. விட்டம் இருந்தால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்குச் சுமார் 88 செ.மீ. சுருட்டும். 4.9:1 உள்ள பெரிய ரீலில் அது 6 செ.மீ. என்றால் சுமார் 92 செ.மீ. ஒரு சுற்றுக்கு எத்தனை செ.மீ. என்று கேளுங்கள்.

நரம்பு ஸ்பூலின் முன் விளிம்பில் குவிந்தால் வடிவமைப்பே மோசம் என்று பலர் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஸ்பூலுக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷரைச் சேர்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பின்பக்கம் குவிந்தால் ஒன்றைக் கழற்ற வேண்டும்.

டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் நரம்பு நிற்கவில்லை என்று நல்ல ரீலைத் திருப்பிக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். டிராக்கின் ‘கிர்ர்’ சத்தமே இல்லாமல் நரம்பு போனால், அங்கே ஸ்பூல் சுழலவில்லை. ஸ்பூலின் வழவழப்பான உலோகத்தின்மேல் பிரெய்டு (பல இழை பின்னிய) நரம்பு மொத்தமாக வழுக்கிச் சுற்றுகிறது. ஸ்பூலில் முதலில் சில மீட்டர் மோனோ (ஒற்றை இழை) நரம்பைச் சுற்றி, அதோடு பிரெய்டை முடிந்து சுற்றுங்கள். அதன் பிறகு தராசை மாட்டி, அந்த டிராக்கை மறுபடி சோதித்துப் பாருங்கள்.