தேன் ஊற்றினால் ரவா கேக் ஏன் கருகுகிறது? சீனியை மாற்றும் கணக்கு

மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே அத்தை சீனி டப்பாவை எடுத்து மேல்தட்டில் ஏற்றிவிட்டார். ‘இனிமே இந்த வீட்டில எல்லாத்துக்கும் தேன்தான்’ என்று உத்தரவு. அடுத்த மூன்று வாரத்தில் நான் நான்கு சன்வின் மக்கினைப் பாழாக்கினேன். வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ரவையையும் தேங்காய்ப்பாலையும் கேசரி மாதிரி கிளறி, மேலே கசகசா தூவி, மேலும் கீழும் தணல் வைத்துச் சுடுகிற பர்மியப் பலகாரம் அது. ரங்கூனில் பிறந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது நம் வீட்டுப் பலகாரம் மாதிரிதான்.

ஐந்தாவது சரியாக வந்தது. அதற்குள் கற்றதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். தேனும் சர்க்கரைதான். அதில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை, 17, 18 சதவீதம் தண்ணீர். பனை வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரையே. ‘இயற்கையானது, அதனால் சர்க்கரை நோயாளி சாப்பிடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாமனாருக்கு இப்போது சிறு துண்டுதான், அதுவும் டாக்டரிடம் கேட்ட பிறகு. நான் தேனுக்கும் வெல்லத்துக்கும் மாறியது ருசிக்காக, அப்புறம் அத்தைக்காக.

1. முதலில் தராசு

கப் அளவை விட்டுவிடுங்கள். கடையில் கிடைக்கும் மலிவான எலக்ட்ரானிக் தராசு, ஒரு கிராம் வரை காட்டினால் போதும். விலை உயர்ந்த கப் செட், சிலிக்கோன் கரண்டி எதுவும் வேண்டியதில்லை. என் முதல் மூன்று கேக்கும் கெட்டது கப்பால்தான்.

கணக்கைப் பாருங்கள். 240 மில்லி கப்பில் சீனி 200 கிராம் பிடிக்கும். அதே கப்பில் தேன் 340 கிராம் பிடிக்கும். ஒரு கப் சீனி போடச் சொன்ன இடத்தில் நான் ஒரு கப் தேனை ஊற்றினேன். அதாவது சர்க்கரையே 275 கிராம் பக்கம் போய்விட்டது, கூடவே 60 மில்லி தண்ணீரும் யாரையும் கேட்காமல் உள்ளே வந்துவிட்டது. கேக் நடுவில் களியாக இருந்ததில் என்ன ஆச்சரியம்?

இங்கே ரங்கூனில் இன்னொரு சிக்கல், விசை என்கிற எடை அளவு. சந்தையில் வெல்லம் விசைக் கணக்கில்தான் தருவார்கள். பர்மா விசை 1.63 கிலோ, அதில் நூறில் ஒரு பங்கு கியாத்தா, சுமார் 16.3 கிராம். 25 கியாத்தா வாங்கினால் 400 கிராம் சொச்சம். தமிழ்நாட்டுப் பழைய விசை இதைவிடக் குறைவு. பாட்டி எழுதி வைத்த குறிப்பு நோட்டு வீட்டில் இருந்தால் அது எந்த விசை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. எதை வாங்குவது

ரங்கூன் காளி கோயில் பக்கம் இருக்கிற தெயின்ஜி சந்தையில் (பெரியவர்கள் வாயில் சூரத்தி பஜார்) பனை வெல்லம் உருண்டையாகக் கிடைக்கும். பர்மியர் தன்னியெ என்பார்கள். சாப்பிட்ட பிறகு ஒரு உருண்டையை வாயில் போட்டு டீ குடிப்பார்கள். பகானிலிருந்து போப்பா மலைக்குப் போகிற வழியில் சாலையோரத்திலேயே காய்ச்சுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். நம் ஊர்க் கருப்பட்டி எடுக்கும் அதே பனைதான். பலகாரத்துக்குத் தேங்காயோ இலந்தையோ கலக்காத வெறும் உருண்டையாகப் பார்த்து வாங்குங்கள்.

தேன் விஷயத்தில் என் கட்சி இது: நல்ல தேனை அடுப்பில் வைக்காதீர்கள். தேனைச் சூடாக்கினால் விஷம் என்று அத்தை சொல்வார், ஆயுர்வேதத்திலும் அப்படி இருக்கிறது. கேக்கில் போட்ட தேன் ஆளைக் கொன்றுவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் சூட்டில் மணம் போய்விடுகிறது என்பது மூக்கு உள்ள யாருக்கும் தெரியும். அதனால் மலிவான தேன் கேக்குக்கு, இலந்தைப் பூத் தேன் அப்படியே நாக்குக்கு. இந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு வீட்டில் சண்டை இல்லை.

தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, திரியை நனைத்துக் கொளுத்திப் பார்ப்பது போன்ற கலப்படச் சோதனைகளால் ஒன்றும் தெரியாது. தெரிந்த ஆளிடம் வாங்குங்கள்.

3. தேனுக்கு மாற்றும் கணக்கு

சீனி 200 கிராம் என்றால் தேன் 220 கிராம். அந்தத் தேனில் 40 மில்லி தண்ணீர் இருக்கிறது. ஆகவே செய்முறையில் உள்ள தண்ணீரிலோ பாலிலோ 40 மில்லி குறையுங்கள். தேனைத் தராசில் வைத்த பாத்திரத்திலேயே நேராக ஊற்றி நிறுங்கள். கரண்டிதான் வேண்டுமென்றால் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

தேன் கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது. சாதாரண கேக்காக இருந்தால் மேலே சொன்ன அளவுக்குக் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா சேர்த்தால் அது சமனாகும். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாசனை வரும், நிறமும் கறுக்கும். சன்வின் மக்கின் உப்பவே வேண்டாத பண்டம், அதற்குச் சோடாவே தேவையில்லை.

வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிக்கச் சொல்லும் கேக்குகளில் மட்டும் முழுவதையும் மாற்றாதீர்கள். சீனியின் பரல்தான் வெண்ணெய்க்குள் காற்றைப் பிடித்து வைக்கிறது. தேன் அந்த வேலையைச் செய்யாது. பாதி சீனி, பாதி தேன் என்று வையுங்கள்.

4. தீ: நான் விழுந்த இடம்

அளவு சரியான பிறகும் என் நான்காவது கேக் மேலே கரி, உள்ளே மாவு. தேனில் உள்ள சர்க்கரை பெரும்பாலும் பழச்சர்க்கரையும் குளுக்கோஸும். சீனியைவிடக் குறைந்த சூட்டிலேயே பழச்சர்க்கரை நிறம் மாறிவிடும். முட்டையில் உள்ள புரதத்தோடும் இரண்டும் சீக்கிரம் கூடிச் சிவக்கும். மேல்பக்கம் சிவந்துவிட்டதே என்று எடுத்தால் நடுப்பகுதி அப்போதுதான் சூடாகத் தொடங்கியிருக்கும்.

ஓவன் வைத்திருந்தால் வேலை சுலபம். 180 டிகிரி என்றால் 165 டிகிரி, பத்து நிமிடம் கூடுதலாக. அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது இருக்கும் என்று சொல்ல முடியாது. பாதி சுட்டுக்கொண்டிருக்கும்போது ஓவன் அணைந்தால் கேக் போச்சு. அதனால் நான் கரியடுப்புக்கு வந்துவிட்டேன், இப்போது மின்சாரம் இருந்தாலும் அதைத்தான் மூட்டுகிறேன். தணலில் 15 டிகிரியை எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. தெருமுனையில் சன்வின் மக்கின் சுட்டு விற்கும் அம்மா, மூடி மேல் நிறையத் தணல் போடுவார். அவர் போடுவது சீனி, அவருக்கு அது சரி. நான் அதையே பார்த்துச் செய்ததில்தான் கருகியது. இப்போது செய்வது இப்படி:

முதல் இருபது நிமிடம் கீழே மட்டும் தணல், மூடி மேல் ஒன்றும் இல்லை. ஓரம் கெட்டியானதும் மூடி மேல் நான்கைந்து துண்டு, அதுவும் சாம்பல் பூத்த துண்டு, விளிம்பைச் சுற்றி மட்டும். நடுவில் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். தேன்நிறம் வந்துவிட்டால் மேல்தணலை எடுத்துவிட்டு அடியில் உள்ள சூட்டிலேயே விடுங்கள். குச்சியைக் குத்தினால் ஈரம் ஒட்டாமல் வர வேண்டும்.

5. தேன் சன்வின் மக்கின்

ரவை 200 கிராம், தேங்காய்ப்பால் 400 மில்லி, தண்ணீர் 160 மில்லி (சீனி என்றால் 200 வைப்பேன்), தேன் 220 கிராம், வெண்ணெய் 60 கிராம், முட்டை இரண்டு, கால் டீஸ்பூன் உப்பு, ஒரு கைப்பிடி உலர்திராட்சை, மேலே தூவக் கசகசா.

ரவையை மணம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். தேங்காய்ப்பால், தண்ணீர், தேன், உப்பு சேர்த்து அரை மணி நேரம் ஊறட்டும். அப்புறம் சிறு தீயில் வெண்ணெயோடு கிளறுங்கள், கேசரி பதம், பாத்திரத்தை விட்டு விலக வேண்டும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே முட்டையை அடித்துச் சேருங்கள். சூட்டோடு சேர்த்தால் முட்டைப் பொரியல்தான். திராட்சையைக் கலந்து வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டிச் சமப்படுத்தி, கசகசா தூவிச் சுடுங்கள். ஓவனில் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் ஆகும். முழுக்க ஆறிய பிறகு வெட்டுங்கள். இதற்கு எனக்குப் பொறுமை வந்ததே இல்லை.

6. வெல்லத்துக்கு மாற்றினால்

எடைக்கு எடை. 200 கிராம் சீனிக்கு 200 கிராம் பனை வெல்லம். செய்முறையில் உள்ள தண்ணீரிலேயே போட்டுக் கரைத்து வடிகட்டுங்கள். தண்ணீரைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வடிகட்டாமல் போட்டால் பல்லில் மணல் கடிபடும். உண்மையில் சன்வின் மக்கினுக்கு எனக்குப் பிடித்தது தேன் இல்லை, இதுதான். தேங்காய்ப்பாலும் பனை வெல்லமும் சேர்ந்தால் வேறு என்ன வேண்டும்?

பாயசத்தில் மட்டும் கவனம். கொதிக்கிற பசும்பாலில் வெல்லக் கரைசலை ஊற்றினால் பால் திரிந்துவிடும். அடுப்பை அணைத்து, பால் சற்று ஆறிய பிறகு ஆறின கரைசலைச் சேருங்கள்.

7. எங்கே தேன் வேண்டாம்

அதிரசம், கடலை மிட்டாய், பாகு கெட்டியாக வேண்டிய எதற்கும் தேன் ஆகாது. தேன் அப்படிக் கெட்டிப்படும் பாகாக எளிதில் வராது, காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். ரங்கூன் மழைக்காலத்தில் நான் தேனில் செய்த கடலை மிட்டாய் மறுநாள் டப்பாவோடு ஒட்டிக்கொண்டது. மொறுமொறு பிஸ்கட்டும் அப்படித்தான், இரண்டு நாளில் நமுத்துவிடும். மெத்தென்று இருக்க வேண்டிய கேக்குக்கு மட்டும் அதே குணம் நல்லது, ஒரு வாரம் காயாது.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் வேண்டாம், தேன் போட்ட பலகாரமும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து கேக் சுடும் சூட்டில் சாகாது. சேனை வைக்கிற வழக்கம் உள்ள வீடுகளில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பிறகு சேர்த்தது

மாண்டலேயிலிருந்து ஒருவர், கணக்குப்படி செய்தும் நடுவில் களியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். விசாரித்ததில், அவர் தேங்காயைத் துருவி இரண்டாம் பால், மூன்றாம் பால் எல்லாம் சேர்த்து 400 மில்லி எடுத்திருக்கிறார். அது பாதி தண்ணீர். முதல் பால் மட்டும் 400 மில்லி எடுங்கள், அல்லது டின் பால்.

பேரீச்சம்பழம் பற்றிப் பலர் கேட்டார்கள். கொட்டை எடுத்த 200 கிராம் பழத்தை அரை கப் வெந்நீரில் ஊறவைத்து, அதே நீரோடு விழுதாக அரைத்தால் 200 கிராம் சீனி இருந்த இடத்தில் போடலாம். இனிப்பு குறைவாகவும் கேக் கனமாகவும் இருக்கும். அரை கப் தண்ணீரை மறக்காமல் செய்முறையிலிருந்து கழியுங்கள். ரவைப் பண்டத்துக்கு எனக்கு அது பிடிக்கவில்லை, வாழைப்பழக் கேக்குக்கு ஜோர்.

சூரியகாந்தித் தேன் சீசாவிலேயே வெள்ளையாக உறைந்துவிட்டது, கலப்படமா என்று இன்னொருவர் கேட்டார். இல்லை, அதில் குளுக்கோஸ் அதிகம், அதனால் சீக்கிரம் உறையும். சீசாவைக் கை பொறுக்கும் வெந்நீரில் அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள், இளகிவிடும். அடுப்பில் நேராக வைக்காதீர்கள். அத்தை பார்த்தால் அவ்வளவுதான்.