லித் பிலிம் தேடிப் போகிறவர்களுக்கு

லித் பிலிம், அதாவது அச்சகங்கள் அழுத்தமான கறுப்பு வெளுப்பு நெகடிவ் எடுக்கப் பயன்படுத்திய பிலிம் தாள், சேலத்தில் இன்னும் இருக்கிறது. எந்தக் கடையில் கேட்டும் பயனில்லை. பழைய ஆப்செட் அச்சகங்களின் பீரோக்களில்தான் கிடக்கிறது. செவ்வாய்ப்பேட்டைக்கு அருகே ஓர் அச்சகத்தின் கேமரா அறையில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

என் அண்ணன் மகள் சயனோடைப் (நெகடிவை வைத்து வெயிலில் நீல நிறப் படம் எடுக்கும் பழைய முறை) செய்து பழகுகிறாள். ஏற்காட்டில் என் வீட்டுக்கு வந்தபோது, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடியைப் படம் எடுத்துவிட்டு, “சித்தப்பா, சாம்பல் நிறமே இல்லாமல் கறுப்பும் வெளுப்புமாக ஒரு நெகடிவ் வேண்டும். அதற்கான பிலிம் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லித் பிலிம் அச்சுத் தொழிலுக்காகவே உருவானது. எழுத்தும் கோட்டோவியமும் புள்ளிப் படமும் அச்சுப் பிளேட்டில் சுத்தமாக ஏற வேண்டுமானால், நெகடிவில் கறுப்பு முழுக் கறுப்பாகவும் மற்ற இடம் கண்ணாடி போலவும் இருக்க வேண்டும். இந்த பிலிமுக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. அதனால் சிவப்பு விளக்கடியில் பார்த்துப் பார்த்து வேலை செய்யலாம். கோடாக்கின் ‘கோடலித்’ உலகெங்கும் பெயர் பெற்றது. நம் பக்கத்தில், 1960இல் தொடங்கப்பட்ட ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ (INDU) என்ற பெயரில் பிலிம் தந்தது. கணினியிலிருந்து நேரே பிளேட் எடுக்கும் முறை வந்ததும் கேமரா அறைகள் மூடப்பட்டன. பாதி தீர்ந்த பெட்டிகளும் பிரிக்காத பெட்டிகளும் அப்படியே தங்கிவிட்டன.

சேலத்தில் இந்தத் தேடலுக்கு ஓர் அவசரம் உண்டு. இது கொலுசு ஊர். வெள்ளியின் மதிப்பு இங்கே எல்லோருக்கும் தெரியும். பழைய எக்ஸ்ரே தாளையும் அச்சக பிலிமையும் எடைக்கு வாங்கி வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். கழுவி முடித்த நெகடிவில் கறுப்பான இடத்தில் மட்டுமே வெள்ளி நிற்கும். பயன்படுத்தாத தாளில் அத்தனை வெள்ளியும் அப்படியே இருக்கும். ஆகவே நாம் தேடும் பெட்டிதான் அவர்களுக்கும் மிகவும் பிடித்த பெட்டி.

ஒருமுறை பழைய சாமான் கடை ஒன்றில், 10க்கு 12 அங்குலப் பெட்டி ஒன்று ஒட்டுப்பட்டைகூடக் கிழியாமல் இருந்தது. நான் கையை நீட்டுவதற்குள் கடைக்காரர், எத்தனை தாள் இருக்கிறது என்று எண்ணிக் காட்டுவதற்காக, உள்ளிருந்த கறுப்பு உறையைப் பிளேடால் கீறித் தாள்களை வெயிலில் விசிறி போல விரித்துவிட்டார். வெளிர் இளஞ்சிவப்பாக இருந்த தாள்கள், நாங்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே ஊதா கலந்த சாம்பலாக மாறின. அன்று பட்ட வருத்தம் இன்னும் மனத்தில் இருக்கிறது. அதனால்தான் எடைக்கடைக்குப் போவதற்கு முன்பே அச்சகத்துக்குப் போங்கள் என்று சொல்கிறேன்.

போவதற்கு நல்ல நேரம் ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்பு. ஆண்டு முழுவதும் திறக்காத பீரோவை அப்போதுதான் திறந்து ஒழுங்கு செய்வார்கள். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், தீப்பெட்டி லேபிள் அச்சிட்ட பழைய அச்சகங்களையும், ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் இடங்களையும் பாருங்கள். முதலாளியின் மகனைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. வயதான ஃபோர்மேனைக் கேளுங்கள். “பெரிய கேமரா ஓடிய காலத்து பிலிம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, அண்ணா?” என்று கேட்டால் அவர் முகமே மாறும். கேட்ட கையோடு, “தயவுசெய்து பெட்டியைத் திறந்துவிடாதீர்கள்” என்றும் சொல்லிவிடுங்கள். பெட்டி எங்கே இருந்தது என்பதையும் பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில் பல கோடை கண்டதை விட, தரைத்தளத்து இரும்பு பீரோவில் இருந்தது நம்பத் தக்கது. தேதி கடந்திருந்தால் கவலை வேண்டாம். வேகம் குறைந்த பிலிம் நெடுநாள் தாங்கும்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நிதானமாகப் படியுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். ஆர்த்தோ (சிவப்பு தெரியாதது), லித், லைன் என்று இருந்தால் நல்லது. ‘எச்.என்.’ என்ற எழுத்துகளோ, 633, 650, 670 போன்ற எண்களோ இருந்தால் அது லேசர் இமேஜ்செட்டர் பிலிம், அதாவது கணினிப் பக்கத்தை லேசரால் பிலிமில் பதிக்கும் இயந்திரத்துக்கானது. அது சிவப்பு லேசருக்காகவே செய்யப்பட்டது. சிவப்பு விளக்கைப் போட்டதும் பாழாகிவிடும். பச்சை விளக்கிலோ முழு இருட்டிலோ கையாள முடியுமானால் வாங்கலாம். அதன் கறுப்பும் அழுத்தமானதுதான்.

வாங்கி வந்ததும் படம் எடுக்க உட்காராதீர்கள். முதலில் சோதனை. முழு இருட்டில் ஒரு தாளை எடுத்து விரல் அகலத்தில் மூன்று துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றை நேரே ஹைப்போவில் (படத்தை நிலைக்கச் செய்யும் கரைசல்) போடுங்கள். இரண்டாவதை வெளிச்சமே காட்டாமல் டெவலப்பரில் (ஒளி பட்ட இடத்தைக் கறுக்கச் செய்யும் கரைசல்) முழு நேரமும் வைத்துப் பிறகு ஹைப்போவில் போடுங்கள். இரண்டையும் வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலத் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாவது லேசாகச் சாம்பலாக இருந்தால், டெவலப்பரில் சிறிது பொட்டாசியம் புரோமைடு கரைசல் சேர்த்து மறுபடி பாருங்கள். ஓரம் மட்டும் கறுத்திருந்தால் அந்த ஓரத்தை வெட்டிவிட்டால் போதும். மூன்றாவது துண்டின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கை ஐந்து நிமிடம் எரியவிட்டு, மீண்டும் இருட்டில் டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு சரியில்லை, அல்லது பிலிம் சிவப்பைப் பார்க்கிறது என்று பொருள். எமல்ஷன் (ஒளியுணரும் பூச்சு) எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஈர விரலை மூலையில் வையுங்கள். ஒட்டுகிற பக்கம் அதுதான்.

லித் டெவலப்பர் ‘ஏ’, ‘பி’ என இரண்டு கரைசலாக வரும். சம அளவில் கலந்ததும் சில மணி நேரத்தில் செத்துப்போகும். ஆகவே தேவையானதை மட்டும் கலக்க வேண்டும். அதில் கறுக்கச் செய்யும் வேலையை ஹைட்ரோக்வினோன் என்ற வேதிப்பொருள் மட்டுமே செய்கிறது. சல்பைட்டை வேண்டுமென்றே மிகக் குறைவாக வைத்திருப்பார்கள். அதனால் கறுக்கத் தொடங்கிய புள்ளி பக்கத்துப் புள்ளியையும் தூண்டிவிடும். டிரேயில் இதைப் பார்ப்பது எனக்கு இன்றும் பரவசம். ஒரு நிமிடத்துக்கு மேல் தாள் வெறுமையாகக் கிடக்கும். பிறகு எங்கோ ஒரு மிளகுக் காம்பு தெரியும். அடுத்த சில விநாடிகளில் கறுப்பு ஓடிப்போய் இலையின் ஓரத்தில் நிற்கும். அந்த இடத்தில் தாளைத் தூக்கி, டெவலப்பரின் வேலையை நிறுத்தும் குளியலில் போட வேண்டும். தாமதித்தால் நரம்புகள் அடைபட்டுவிடும்.

லித் டெவலப்பர் கிடைக்காவிட்டால் போட்டோக் காகிதத்துக்கான டெவலப்பரை நீர்க்காமல் பயன்படுத்துங்கள். முழு லித் அழுத்தம் வராது. ஆனால் அந்த நெகடிவை இன்னொரு லித் தாள்மேல் ஒட்ட வைத்து ஒளி காட்டிக் காண்டாக்ட் பாசிடிவும், அதிலிருந்து மறுபடி நெகடிவும் எடுத்தால் நடுச் சாம்பல் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பாராபார்மால்டிஹைடு வாங்கி வீட்டிலேயே லித் டெவலப்பர் கலக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அந்த நெடி கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும், விஷமும்கூட.

கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரையில் சேலத்து மாடித் தொட்டித் தண்ணீர் அதற்கு ஒத்துவராது. டிரேயைப் பனிக்கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் வேலை செய்தோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருட்டறை வைத்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் குளிர். மார்கழிக் காலையில் நேர்மாறு. குளிர் கூடினால் ஹைட்ரோக்வினோன் சோம்பிவிடும். வெந்நீர்த் தொட்டி தேவைப்படும்.

கேமராவில் நேரடியாக எடுப்பதானால் பிலிம் வேகத்தை ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்துத் தொடங்குங்கள். உலர்ந்தபின் ஊசித்துளைகள் இருக்கும். லைட் டேபிள் மேல் வைத்து, மெல்லிய தூரிகையால் ஒளி புகாத ஒப்பேக் மை தொட்டு ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும்.

எதுவும் கிடைக்காதபோது எக்ஸ்ரே பிலிம் இருக்கிறது. புதிதாகவே வாங்கலாம். இரு பக்கமும் எமல்ஷன் இருப்பதால் டிரேயின் அடியில் உரசிக் கீறல் விழும். அடியில் ஒரு கண்ணாடித் தகடு போடுங்கள். அழுத்தம் லித்துக்குக் குறைவுதான்.

கெட்டுப்போன தாள்களையும் பயன்படுத்தித் தீர்ந்த ஹைப்போவையும் ஏற்காட்டு மண்ணில் கொட்டாதீர்கள். மலையில் கொட்டுவதெல்லாம் ஓடைக்குத்தான் வரும். நான் ஹைப்போவை 5 லிட்டர் கேனில் சேர்த்து, கேன் நிறைந்ததும் சேலம் கொண்டுபோய், வெள்ளி பிரிப்பவரிடமே கொடுத்துவிடுகிறேன். போன முறை கொடுத்தபோது, அடுத்து பிரிக்காத பெட்டி எது வந்தாலும் திறக்காமல் எனக்குச் சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.