அமெரிக்கச் செப்பு ப்ரூஃப் நாணயங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் நாணயக் கண்காட்சி ஒன்றில், 1840களின் பெரிய சென்ட் (அமெரிக்காவின் பழைய, அளவில் பெரிய ஒரு சென்ட் செப்பு நாணயம்) ஒன்றை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்த இளைஞர், "என் முகமே இதில் தெரிகிறது, ப்ரூஃப்தான்" என்று பணத்தை எடுத்தார். ப்ரூஃப் என்றால் புழக்கத்துக்காக அன்றித் தனிக் கவனத்துடன் அடிக்கப்பட்ட நாணயம். இருபது ஆண்டுகளுக்கு முன் அதே சொற்களைச் சொல்லி நான் ஏமாந்ததால் எழுதுகிறேன். செம்பைத் துலக்கக் கூடாது என்பது எல்லோரும் அறிந்ததே, அதை விட்டுவிடுகிறேன்.

பளபளப்பை நம்புவது

புதிதாக மெருகேற்றிய அச்சு, புழக்கத்துக்கான நாணயங்களிலும் முதலில் அடிக்கப்படும் சிலவற்றுக்குக் கண்ணாடிப் பளபளப்பைத் தந்துவிடும். ப்ரூஃப் என்பது பளபளப்பின் பெயரன்று, செய்முறையின் பெயர்: அச்சையும் செப்பு வில்லையையும் மெருகேற்றி, கூடுதல் அழுத்தத்துடன் கவனமாக அடிப்பது. ஆகவே முதலில் விளிம்பைப் பாருங்கள்; அது சதுரமாக நிமிர்ந்து, உள்விளிம்புப் பற்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சுதந்திர தேவியின் காதுக்கு மேலுள்ள முடியிழைகள் மழுங்காமல் இருக்க வேண்டும். எழுத்துகளின் இடுக்குகளிலும் பளபளப்பு குறையக் கூடாது.

இவற்றுக்குப் பிறகும் அச்சை ஒப்பிட்டாக வேண்டும். 1816 முதல் 1857 வரையிலான பெரிய சென்ட்டுகளின் அச்சு வகைகளுக்கு நியூகோம்ப் எண்கள், அதாவது நியூகோம்ப் என்பவரின் பட்டியல் எண்கள், உள்ளன. ஆண்டெண்ணின் இடம், அச்சின் விரிசல், மெருகுக் கோடுகள் ஆகியவற்றைக் கொண்டு, அறியப்பட்ட ப்ரூஃப் அச்சுகளோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள். பொருந்தினாலும் அது மட்டும் போதாது. சில ப்ரூஃப் அச்சுகள் பின்னர் சாதாரண நாணயங்களுக்கும் பயன்பட்டன.

நான் வாங்கிய சென்ட்டின் உறையில் வியாபாரி "ப்ரூஃப்" என்று எழுதியிருந்தார். தரச்சான்றுக்கு அனுப்பியபோது, புழங்காத சாதாரண நாணயம் என்று திரும்பி வந்தது; விற்றபோது கொடுத்த விலையில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. அன்று அச்சு வகைப் பட்டியல் என் பையிலேயே இருந்தும் நான் அதைத் திறக்கவில்லை என்பது இன்றும் என்னை எரிச்சலூட்டுகிறது.

மென்மையான பி.வி.சி. உறை

செம்பில் பச்சை படியும். வேண்டாம்.

பின்பக்கத்தைப் பார்க்காமல் அரை சென்ட் வாங்குவது

1840 முதல் 1848 வரையிலான அரை சென்ட்டுகள் ப்ரூஃபாக மட்டுமே அடிக்கப்பட்டன. பின்னாளில் பிலடெல்பியா நாணயச்சாலையே சேகரிப்பாளர்களுக்காக அவற்றை மறுபடி அடித்தது. பின்பக்க இலைவளையத்திலுள்ள பழங்கள் பெரியவையாக இருந்தால் மூல நாணயம். சிறியவையாக இருந்தால் மறுஅடிப்பு. மறுஅடிப்பு போலியன்று, ஆனால் எது அரிது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பழத்தைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். 1811 அரை சென்ட்டின் மறுஅடிப்பு மட்டும் வேறு கதை: அது 1802ஆம் ஆண்டின் பின்பக்க அச்சை இணைத்துத் தனியார் அடித்தது, நாணயச்சாலை ப்ரூஃபுகளோடு அதைச் சேர்க்கக் கூடாது.