பருவமழைக் காலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பயணம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையிலிருந்து தரங்கம்பாடிக்குக் காரில் செல்ல விரும்புவோர், நீலக்கடலை மறந்துவிட்டு, மழைக்கேற்பத் திட்டமிடுவது நல்லது. வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வெறும் தூறலும் மூட்டமும் என்றால் தாராளமாகக் கிளம்பலாம். டயர்களையும் வைப்பர் ரப்பரையும் முதல் நாளே சரிபார்த்து, இருட்டுவதற்குள் தங்குமிடம் சேரும்படி தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆழம் தெரியாத தேங்கிய நீரில் ஒருபோதும் வண்டியை இறக்க வேண்டாம்.

மாமல்லபுரத்தில் மழை வலுத்தால் கடற்கரைக் கோயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிருஷ்ண மண்டபத்தில் சற்று ஒதுங்கி நின்று, மழை தணிந்ததும் பக்கத்திலுள்ள அர்ச்சுனன் தபசுப் பாறைக்குச் செல்லுங்கள். ஒட்டி நிற்கும் இரு பெரும் பாறைகளில் செதுக்கிய அந்தச் சிற்பத் தொகுதியின் நடுவிலுள்ள பிளவில் கைகூப்பிய நாகர்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பிளவில் நீர் வழியும்படியே பல்லவர்கள் அமைத்திருந்தார்கள் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். ஈரத்தில் கருத்துப் பளபளக்கும் அந்தக் கல்லை வெயில் நாளில் வருபவர் பார்க்க முடியாது. என் மனத்தில் நின்ற காட்சி அதுதான்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் காற்று பலமாக இருந்தால் படகுகள் ஓடா; கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். தரங்கம்பாடியில் டேனியர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள் அருங்காட்சியகமும், அருகிலேயே 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் இருப்பதால், அரை நாள் மழையை அங்கேயே கழிக்கலாம். சீறும் கடலைக் கரையிலிருந்து மட்டும் பாருங்கள். காலை நனைக்கக்கூட இறங்காதீர்கள்.