படையெடுத்து வந்தவனுக்குப் பேரேடு போடுவது எப்படி

போன கோடை லீவில் வந்திருந்த பேத்தி, திண்ணையில் உட்கார்ந்து மாங்காயைக் கடித்துக்கொண்டே கேட்டாள். “தாத்தா, அலெக்சாண்டரும் ஊரைக் கொளுத்தினவன், தைமூரும் கொளுத்தினவன். ஒருத்தன் மாவீரன், இன்னொருத்தன் கொடூரன். அது எப்படி?”

காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் 38 வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். சரித்திரமெல்லாம் வேலையை விட்ட பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்ததுதான். ஆனாலும் கேட்டவுடனே, இது கணக்குக் கேள்வி என்று தோன்றியது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையையே இங்கே எழுதுகிறேன்.

ஒரு முழுத்தாளை நெடுக்கே மடியுங்கள். தலைப்பில் மன்னன் பெயர். இடது பக்கம் அவன் செய்ததாகச் சொல்லப்படுவது. வலது பக்கம் மூன்று கேள்விக்குப் பதில்: எழுதியவர் யார், எப்போது எழுதினார், யார் சோற்றைத் தின்றுகொண்டு எழுதினார். வலது பக்கம் நிரம்பாமல் தீர்ப்பு எழுதாதீர்கள். யார் எழுதிய சிட்டை என்று தெரியாமல் நாங்கள் எதையும் பேரேட்டில் ஏற்றியதில்லை.

அலெக்சாண்டரை எடுத்துக்கொள்வோம். கி.மு. 335இல் தீப்ஸ் நகரைத் தரைமட்டமாக்கினான். 6,000 பேர் செத்தார்கள், 30,000 பேர் அடிமைகளாக விலைபோனார்கள் என்று கிரேக்க ஆசிரியர்களே எழுதுகிறார்கள். தீப்ஸும் கிரேக்க ஊர்தான். இடது பக்கம் இவ்வளவு கனம் இருந்தும் பெயர் இனிக்கிறதே என்றால், வலது பக்கம் வாருங்கள். இன்றைக்கு அதிகம் நம்பப்படும் வரலாற்றை எழுதிய அரியன், 400 வருடத்துக்கும் மேல் கழித்து வாழ்ந்தவர். அவர் பெரிதும் நம்பியது தாலமியின் எழுத்தை. தாலமி அலெக்சாண்டரின் படைத்தலைவர், பிற்பாடு எகிப்தின் அரசர். முதலாளி கணக்கை அடுத்தாள், அதாவது கடைச் சிப்பந்தி, எழுதியிருக்கிறார், அதுவும் முதலாளி பெயரை வைத்தே தனிக்கடை போட்ட பிறகு! ஈரானின் ஜொராஸ்டிரிய நூல்களில் அதே ஆளுக்குப் பெயர் ‘சபிக்கப்பட்ட அலெக்சாண்டர்’.

செங்கிஸ்கானுக்கு நேர்மாறு. அடிபட்டவர்கள் எழுதப்படிக்கத் தெரிந்த நகரத்துக்காரர்கள். அவர்கள் எழுதியது ஊர்ஊராகப் பரவியது. மங்கோலியர் தங்கள் பக்கத்தைச் சொல்லிவைத்த நூல் 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவுக்கு எட்டவே இல்லை.

தொகையையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள். 1398இல் டெல்லிச் சண்டைக்கு முன்னால், மத்திய ஆசியாவிலிருந்து படையெடுத்து வந்த தைமூர் ஒரு லட்சம் கைதிகளைக் கொன்றான் என்பது அவன் புகழ் பாடிய நூலிலேயே இருக்கிறது. பெருமைக்கு எழுதிய தொகை, கூட்டியிருக்கலாம். ஆனால் அதைப் பெருமை என்று நினைத்தார்கள் பாருங்கள், அதை இடது பக்கம் தனி வரியாக எழுதுங்கள்.

அப்புறம், விடுபட்ட பக்கத்தைத் தேட வேண்டும். கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். அசோகர் கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டதையும் சொல்லி, வருந்தி, 13ஆம் பாறைச் சாசனத்தில் பொறித்தார். அதற்காகவே அவரை மன்னித்துவிட்டோம். அதே வரிசைச் சாசனங்கள் கலிங்கத்திலேயே தௌலியிலும் ஜௌகடாவிலும் இருக்கின்றன. அங்கே இந்த 13ஆம் சாசனம் மட்டும் கிடையாது. 11, 12, 13 மூன்றையும் விட்டுவிட்டு வேறு இரண்டு சாசனங்களைப் பொறித்திருக்கிறார்கள். அடிபட்ட ஊரில் மன்னிப்புக் கடிதத்தை ஒட்டவில்லை. வருத்தம் பொய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடத்தான் வேண்டும்.

சரி, வீட்டுக் கணக்குக்கு வருவோம். பேனா நிற்கிற இடம் இது. ‘அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி’ என்று ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியைப் படித்தால் எனக்கும் மார்பு விரியும். ஆனால் இலங்கையின் சூளவம்சம் என்ற வரலாற்று நூலில் சோழர் படை, புனிதச் சின்னங்கள் வைத்த அறைகளை உடைத்து, இரத்தம் குடிக்கும் யட்சர்களைப் போல நாட்டின் செல்வத்தை உறிஞ்சிய கூட்டம். கர்நாடகத்தில் 1007ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கல்வெட்டு, ஒன்பது லட்சம் படையோடு வந்து பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றார்கள் என்கிறது. ஒன்பது லட்சத்தை நான் நம்பவில்லை. ஆனால் தைமூருக்கு எந்த வார்த்தை போட்டீர்களோ, அதே செயலுக்கு இங்கேயும் அதே வார்த்தையைப் போடுங்கள். முறை முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

இன்னும் ஒன்று, வாதி உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். நம் பாண்டிய நாட்டு முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தினான். திருவெள்ளறைப் பாட்டுக் கல்வெட்டு, பட்டினப்பாலை பாடிய புலவருக்குக் கொடுத்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் விட்டுவைத்தான் என்கிறது. அலெக்சாண்டரும் தீப்ஸில் பிண்டார் என்ற கவிஞர் வீட்டை விட்டுவைத்தவன்தான். புலவர் பக்கம் கை வைக்கக் கூடாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது! தஞ்சாவூர்க்காரர் யாரும் இன்று சிவகங்கைக்காரரிடம் நியாயம் கேட்டு வருவதில்லை. சோழனும் பாண்டியனும் இரண்டு பேருமே நம் ஆட்கள் ஆகிவிட்டார்கள், வழக்கு செத்துப்போயிற்று. தைமூருக்கு டெல்லியில் வாதி உண்டு. உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டில் இல்லை; மார்க்ஸ் சிலை நின்ற இடத்தில் அங்கே இப்போது தைமூர் குதிரையில் இருக்கிறான்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பேத்தி, “அப்ப, நீங்க வேலை பார்த்த வீட்டு பர்மாக் கணக்கு?” என்றாள்.

“அவங்க வாள் எடுத்தவங்க இல்லையே ஆத்தா” என்றேன். விடவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1937இல் 25. நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் வந்து சேர்ந்தது. இங்கே பேரேட்டில் அது சுத்தமான வரவு. அங்கே அதற்குப் பெயர் பிடுங்கியது.

தாளை மடித்து நீட்டினாள். இடது பக்கம் எழுதிவிட்டேன். வலது பக்கம், ‘எழுதியவர்: கடைக் கணக்கப்பிள்ளை’ என்று போட்டேன்.

“யார் சோறு தாத்தா?”

அந்த வீட்டுச் சோறுதான். விசேஷ நாளில் ஆச்சி கையால் கவுனரிசியும் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.